ஐந்தாவது வசவு

பனிமலர் குளிர்பெட்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு இரண்டு பொருள்களைக் கொடுத்தார்கள். ஒன்று, காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன். இன்னொன்று, ரோஹித் என்ற பெயர்.

எனக்கு வயது நாற்பத்தேழு. சார்ஜாவில் பத்தொன்பது வருஷம் பலசரக்குக் கடையில் நின்று, முழங்கால் தேய்ந்து பெரியபட்டினத்துக்குத் திரும்பியவன். காஜா நவாஸ் என்ற பெயரில் இத்தனை காலம் ஓட்டியவனுக்கு ரோஹித் என்பது இடுப்பில் நிற்காத பேண்ட் மாதிரி இருந்தது. "ரூல் மாமா. நம்ம ஊரு, பேரு எதுவும் வாடிக்கையாளருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நடுநிலை போயிருமாம்," என்றாள் ஜோதிகா. எங்கள் சூப்பர்வைசர் அவள்தான். திருவாடானைக்காரி, என் மகளைவிட ஒரு வயது இளையவள். கம்பெனியில் அவளுக்குப் பெயர் ஜெனிஃபர்.

ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். மாவட்டத்தில் எங்கே பனிமலர் பெட்டி நின்றாலும் போன் எங்களுக்கு வரும். நாங்கள் சென்னையிலிருந்து பேசுவதாகச் சொல்ல வேண்டும். பேச்சு இடையில் நின்றுபோனால் "சென்னையில் இன்று நல்ல மழை" என்று சொல்லும்படி திரையில் எழுதியிருக்கும். குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைகிறவரிடம் அதைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

கிடைத்ததை எண்ணுவதற்கு ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. அதற்கு வசவுமானி என்று பெயர். வாடிக்கையாளர் பேசுவதை ஒட்டுக்கேட்டு, அதில் இருக்கும் வசவுகளை மட்டும் எண்ணித் திரையின் மூலையில் ஒரு கட்டத்தில் காட்டும். "வெளங்காத பய" என்றால் ஒன்று. "கட்டையில போறவனே" என்றால் ஒன்று. இந்த மாவட்டத்து வசவுகளைச் சேகரிக்க வடக்கே இருந்து இரண்டு பேர் வந்து, பேருந்து நிலையத்தில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்களாம். நான்கு வரைக்கும் வந்தால் கட்டம் பச்சையாக இருக்கும். அவர் திருப்தியான வாடிக்கையாளர். ஐந்தாவது வசவில் கட்டம் சிவப்பாகிவிடும்.

நான் சார்ஜாவில் நான்கு பாஷைகளில் திட்டு வாங்கியவன். பாஷை புரியாத திட்டு சட்டையோடு போய்விடும். ஊர்க்காரர்கள் ஊர்ப் பேச்சில் திட்டும்போது அப்படிப் போகவில்லை. முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி நூர் நிஷா கேட்டதற்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்தேன். முகம் தெரியாத ஒருவனைப் பிடித்து மனிதர்கள் ஏன் இப்படி வைகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

இதே கேள்வி தலைமை அலுவலகத்துக்கும் வந்திருந்தது. அவர்கள் ஒரு குழு போட்டு, நூற்று நாற்பது பக்கத்தில் அறிக்கை தயாரித்தார்கள். அதை எங்களுக்கு விளக்க வாடிக்கையாளர் மனமகிழ்ச்சித் துறையின் துணைத் தலைவர் குருநாதன் நேரில் வந்தார். வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார்.

"உங்களைத் திட்டுவதற்கு நான்கு காரணங்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன," என்றார். "வெயில். உப்புத் தண்ணீர். கடற்காற்றின் ஈரப்பதம். முண்டு மிளகாய். இதில் முண்டு மிளகாயின் பங்கு நாற்பத்தொரு சதவீதம்."

நான் கையைத் தூக்கினேன். "சார், பெட்டி ஓடலைங்கிறது ஒரு காரணமா இருக்குமோ?"

அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "மிஸ்டர் ரோஹித், குளிர்பெட்டி ஓடாதவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். குளிர்பெட்டியே இல்லாதவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் யாராவது நம்மைத் திட்டுகிறார்களா? ஆகவே காரணம் பெட்டி அல்ல. தவிரவும், பெட்டி வேறு துறை."

எல்லோரும் கை தட்டினோம். தட்டச் சொல்லித் திரையில் எழுதியிருந்தது.

உண்மையான காரணத்தை எனக்குச் சொன்னவன் முனீஸ்வரன். மாவட்டம் முழுவதற்கும் கம்பெனி வைத்திருந்த ஒரே மெக்கானிக். கீழே டீக்கடையில் வைத்து, வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, இருக்கது நான் ஒருத்தன். எல்லா வீட்டுக்கும் போக ஏலுமா? அதான் மெய்யாவே தேவப்படுறவுகளுக்கு மட்டும் போகணும்னு மேல முடிவு பண்ணிருக்காக. மெய்யாத் தேவப்படுறவன் அஞ்சு வசவு வைவானாம். கட்டம் செவந்தாத்தான் என் போன்ல வேல விழும். அந்த நம்பரக் காட்டுனாத்தான் ஸ்டோர்ல பார்ட்டு குடுப்பாக. பச்சையில நின்னவுக நின்னவுகதான்."

"பச்சைன்னா திருப்தின்னுல்ல சொல்றாங்க."

"திருப்தியா இருக்கவுக வீட்டுக்கு மெக்கானிக் எதுக்குண்ணே?"

அன்று சாயங்காலம் தேவிபட்டினத்துப் பெரியவர் ஒருவர் என்னை ஆறு வசவு வைதுவிட்டு, மூச்சு வாங்கி, "போதுமா, இன்னும் வையணுமா?" என்று கேட்டார். "போதும் அய்யா, சிவந்துருச்சு," என்றேன். "கோவிச்சுக்காதப்பா. போன வாட்டி மரியாதையாப் பேசிப் பதினோரு நாளு காத்துக்கெடந்தேன்," என்று சொல்லிப் போனை வைத்தார். நாங்கள்தான் மாவட்டம் முழுவதையும் வையச் சொல்லிப் பழக்கியிருந்தோம். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கியது.

ஏப்ரல் முதல் தேதி மாரியூரிலிருந்து மீனம்மாள் பேசினார். மீன் வியாபாரம் பண்ணுகிறவர். பெரிய ஃப்ரீசர் ஒன்று வைத்து, கரையில் வாங்கும் மீனை அதில் போட்டு சாயல்குடியில் விற்கிறவர். ஏப்ரல் பதினைந்திலிருந்து இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அதற்கு முன்னால் பெட்டியை நிரப்பிவிட்டால் அந்த இரண்டு மாதமும் வியாபாரம் நடக்கும். பெட்டி நின்று நான்கு நாளாகியிருந்தது.

"தங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது," என்றேன் திரையைப் பார்த்து.

"ஒணர்வு புரிஞ்சு என்ன செய்ய, வெளங்காத பயலே. பெட்டி புரியுதா ஒனக்கு?"

"பெட்டிக்குள் கையை விட்டுப் பார்க்கவும். குளிர்கிறதா?"

"குளுந்தா நான் எதுக்குடா ஒனக்குப் போனப் போடுறேன், கூறுகெட்டவனே, கழுத."

மூன்று. இன்னும் இரண்டு வந்துவிட்டால் முனீஸ்வரன் நாளைக்கே மாரியூரில் நிற்பான். எனக்கு அந்த அம்மாள் மேல் பிரியமாகவே இருந்தது. வரட்டும் என்று, "சென்னையில் இன்று நல்ல மழை," என்றேன்.

"நாசமாப் போறவனே," என்றார். நான்கு. அடுத்து, "ஒனக்கெல்லாம் ஊரு, பெத்தவகன்னு எதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

அது பதில் எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஊர் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

"இருக்கு. பெரியபட்டினம்," என்றேன்.

"பெரியபட்டினத்துல யாரு?"

"சுஐபு மகன்."

"எந்தச் சுஐபு? கருவாடு எடுக்க இங்கன சைக்கிள்ல வருவாகளே, இருமிக்கிட்டே, அவுகளா?"

"ஆமா. எங்க அத்தாதான்."

"அடப்பாவி. எங்கய்யா படுக்கையில கெடந்தப்ப மூணு தடவ வந்து பாத்துட்டுப் போனாகளே, அவுக மகனா நீயி?"

அடப்பாவி என்பதை வசவுமானி எண்ணவில்லை. வடக்கே இருந்து வந்தவர்கள் அதைப் பாசம் என்று பதிந்து வைத்திருந்தார்கள். அவர்கள் சரியாகச் செய்த வேலை அது ஒன்றுதான், அதுவும் அன்றைக்குப் பார்த்து எனக்கு வினையாக வந்தது.

"தெரியாம வைஞ்சுட்டேன் தம்பி. மனசுல வச்சுக்கிடாத. பெட்டி மெதுவா வரட்டும். ஒனக்கும் அங்கன ஆயிரம் சோலி இருக்கும்," என்று சொல்லி மீனம்மாள் போனை வைத்துவிட்டார். கட்டம் நான்கில் நின்றது. நல்ல பச்சை.

ரூலை மீறியதற்கு என்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் குருநாதனே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாதி வசவில் ஒரு வாடிக்கையாளர் நின்றுபோனது கம்பெனி வரலாற்றிலேயே முதல் தடவையாம். அந்தப் பதிவைத் தலைமை அலுவலகத்தில் எல்லோரும் உட்கார்ந்து ஒன்பது முறை கேட்டார்களாம்.

"இந்த மாவட்ட மக்கள் அந்நியரைத்தான் திட்டுகிறார்கள். உறவினரைத் திட்டுவதில்லை," என்று மைக்கில் அறிவித்தார். "ஆகவே கம்பெனி இன்று முதல் உங்கள் அனைவரையும் உறவினர்களாக நியமிக்கிறது."

இதற்கு உறவுத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். போன் வந்ததும், அழைக்கிறவரின் ஊருக்குப் பக்கத்து ஊர் ஒன்று திரையில் வரும். அதுதான் உங்கள் சொந்த ஊர். கீழே ஒரு தகப்பனார் பெயர் வரும். தகப்பனார்கள் எல்லோரும் காலமானவர்களாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். உயிரோடு இருந்தால் விசாரிக்கப் போய்விடுவார்கள் என்பதால். எனக்கு மட்டும் என் சொந்த அத்தாவையே வைத்துக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி கொடுத்தார்கள்.

ஒரே வாரத்தில் ஜோதிகாவுக்கு நாற்பத்தாறு தகப்பனார் ஆகிவிட்டார்கள். ஒருவர் திருப்பாலைக்குடியில் கடலில் போனவர், ஒருவர் கமுதியில் பாம்பு கடித்தவர். அழைத்தவர்கள் அழுதார்கள், இவளும் சேர்ந்து அழ வேண்டியிருந்தது. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் பத்திரிகை வந்து குவிந்தது. தொண்டியிலிருந்து ஒருவர் ஜெனிஃபருக்கு மாப்பிள்ளை கொண்டுவந்தார். முதுகுளத்தூர் வேல்சாமி என்பவர் நின்றுபோன பெட்டியை மினி லாரியில் ஏற்றி, எப்படியோ விசாரித்து எங்கள் ஆபீஸ் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் பயந்துபோனோம். அவர் மேலே வந்து, தன் அண்ணன் பிள்ளைகளாகிவிட்ட எங்களை எல்லாம் பார்த்து, டீ குடித்து, எல்லோருக்கும் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, பெட்டியை மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சொந்தக்காரர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாம். லாரிக்காரர் சொன்னார்.

வசவுமானி பூஜ்யத்தில் படுத்துவிட்டது. சிவப்பு விழவே இல்லை. முனீஸ்வரன் டீக்கடைக்காரரோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தான். ஸ்டோரில் பூட்டு துருப்பிடித்தது. ஓடாத பெட்டிகள் மாவட்டம் முழுக்க அமைதியாக நின்றன.

மீனம்மாள் தினமும் பேசினார். முதலில் நூர் நிஷா என் முழங்காலுக்கு என்ன எண்ணெய் போடுகிறாள் என்று கேட்பார். பிறகு என் மகள் மர்வாவைப் பற்றிக் கேட்பார். கடைசியில், போனை வைக்கப் போகும்போது, "பெட்டி விசயம் எதாச்சும் தெரிஞ்சதா தம்பி? அவசரம் இல்ல, சும்மாதான் கேட்டேன்," என்பார். அவசரம் இருந்தது. தேதி எட்டாகிவிட்டது. கரையில் விளைமீனும் கணவாயும் வந்து இறங்குவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுத் திரும்புகிறார் என்று ஒரு தடவை போனில் அவர் மகன் சொன்னான். என் அத்தா பெயரைச் சொல்லி நான்தான் அந்த அம்மாளின் வாயை அடைத்திருந்தேன்.

முனீஸ்வரனைக் கூப்பிட்டுச் சும்மாவாவது போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். போய்ப் பார்த்தான். ஒரு சின்ன ரிலே போயிருக்கிறது, பத்து நிமிஷ வேலை, ஆனால் சிவப்பு நம்பர் இல்லாமல் ஸ்டோர்க்காரன் அதைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டான் என்றான்.

ஒன்பதாம் தேதி நான் அந்த அம்மாளிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னேன்.

"அக்கா, என்னைய ஒரு அஞ்சு வார்த்தை வைங்க."

"என்னப்பா சொல்ற?"

"வைஞ்சாத்தான் மெக்கானிக் வருவான். எனக்காகப் பாக்காதீங்க. ஒரே மூச்சுல வைஞ்சு விட்டுருங்க."

"சுஐபு மகன நான் எப்புடிப்பா வைய?"

"முன்னாடி வைஞ்சீங்களேக்கா, நல்லாத்தானே வைஞ்சீங்க."

"அன்னைக்கு நீ ரோஹித்துல்ல."

நான் சொல்லிக் கொடுத்தேன். "வெளங்காதவனேன்னு சொல்லுங்க." நான் சொன்னதை வசவுமானி எண்ணாது. அதற்கு வாடிக்கையாளர் குரல்தான் வேண்டும். அவர் 'வெள' வரைக்கும் வந்தார். பிறகு, "நீ வெளங்காதவன் இல்லப்பா. நல்லா வெளங்குவ," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டத்தில் பூஜ்யம் அப்படியே இருந்தது.

இதற்கு நடுவில் தலைமை அலுவலகம் ஒரு விழாவுக்கு ஏற்பாடு செய்தது. வசவற்ற மாவட்டம் என்று எங்களுக்குக் கேடயம். பதிமூன்றாம் தேதி, ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் வசவுமானியைப் பெரிய திரையில் காட்டி, மாவட்டத்திலேயே மிகத் திருப்தியான வாடிக்கையாளரோடு குருநாதன் எல்லோருக்கும் கேட்கும்படி போனில் பேசுவார். மிகத் திருப்தியானவர் யார் என்பதை சாஃப்ட்வேரே தேர்ந்தெடுத்தது. உறவுத் திட்டம் வந்த பிறகு அடிக்கடி போன் செய்தும் வசவே வையாதவர் மீனம்மாள்.

"அந்த அம்மாவைத் தயார்ப்படுத்துங்கள் ரோஹித். மகிழ்ச்சியாகப் பேச வேண்டும்," என்றார் குருநாதன்.

முந்தின நாள் மீனம்மாளிடம் பேசினேன். ஜோதிகா பக்கத்தில் நின்றாள். சூப்பர்வைசர் என்ற முறையில் அவள் என்னைத் தடுத்திருக்க வேண்டும். அவள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஒரு பெரிய ஆளு பேசுவாருக்கா. அவரு நமக்கு எந்த வகையிலயும் சொந்தம் கெடையாது. நீங்க ஊரக் கேட்டுப் பாருங்க," என்றேன்.

மண்டபத்தில் முன்னூறு பேர் இருந்தார்கள். பின்கட்டில் பிரியாணி இறங்கிக்கொண்டிருந்தது. முனீஸ்வரன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டான். மேடையில் குருநாதன் அரை மணி நேரம் பேசினார். "பத்து வருடங்களுக்கு முன்பு வாடிக்கையாளர்கள் குளிர்ச்சியை எதிர்பார்த்தார்கள். இன்று குளிர்ச்சி இல்லாமலேயே அவர்களைத் திருப்திப்படுத்தும் இடத்துக்கு நாம் வந்திருக்கிறோம்," என்றபோது பெரிய கைதட்டல். பிறகு போனைப் போட்டார்கள். திரையில் பூஜ்யம் ஆளுயரத்துக்குப் பச்சையாக நின்றது.

"வணக்கம் அம்மா. உங்கள் மகிழ்ச்சியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்."

"வணக்கம்யா. பெட்டி ஓடலைங்க."

"பெட்டியை விடுங்கள் அம்மா. எங்கள் சேவை எப்படி இருக்கிறது?"

"நீங்க யாருங்கய்யா? எந்த ஊரு?"

உறவுத் திட்டம் துணைத் தலைவர் பதவிக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும்தான். அவருக்குத் திரையில் ஊர் வரவில்லை. "நான் தென்மண்டலம் அம்மா," என்றார்.

"தென்மண்டலம் எங்கன இருக்கு? சாயல்குடிக்கு இங்கிட்டா, அங்கிட்டா?"

"அது ஊர் இல்லை அம்மா, பொறுப்பு."

"சரி, யாரு வீட்டுப் புள்ள?"

"மன்னிக்கவும். அது கம்பெனி விதிப்படி ரகசியம்."

மீனம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. பதினாறு நாள் நின்ற பெட்டி, கரையில் பார்த்துவிட்டு வந்த மீன், எனக்காக அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. ஐந்து வசவு முதல் மூச்சிலேயே முடிந்துவிட்டது. திரை சிவந்து, மேடையில் இருந்தவர்கள் முகமெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. குருநாதன், "தங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது," என்றார். எண் பன்னிரண்டானது. யாரோ ஓர் அதிகாரி பதறிப்போய், சென்னை மழையைச் சொல்லச் சொல்லி அவர் காதில் கிசுகிசுத்தார். அவரும் சொன்னார். அதன்பின் எண் ஓடிய வேகத்தில் என்னால் படிக்க முடியவில்லை. முப்பத்தெட்டில் வந்து நின்றது. பேருந்து நிலையத்தில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தவர்கள் கேட்டிராத வசவுகள் தனி.

பின்கட்டில் ஒரு போன் அடித்தது. முனீஸ்வரன் எச்சில் கையோடு ஓடிவந்தான். "வேல விழுந்துருச்சுண்ணே," என்று எல்லோருக்கும் கேட்கக் கத்திவிட்டு, ஸ்டோரைப் பார்க்கப் போனான். மேடையில் கேடயத்தை மறுபடி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினான்காம் தேதி காலை மாரியூரில் பெட்டி ஓடியது. அன்றே மீனம்மாள் கரைக்குப் போய்க் படகுகள் கொண்டுவந்த கடைசிப் பாடு மீனை வாங்கிப் பெட்டி நிறையப் போட்டார். பதினைந்தாம் தேதி எனக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. திரு. ரோஹித் பணிநீக்கம் செய்யப்படுகிறார். ஜோதிகா அதை இரண்டு முறை படித்தாள்.

"ரோஹித்தத்தான் மாமா அனுப்பிருக்காக. காஜா நவாஸ்னு யாரப் பத்தியும் ஒண்ணுமே எழுதல," என்றாள். மறுநாள் அதே நாற்காலியில் ஆகாஷ் என்ற பெயரில் உட்கார்ந்தேன்.

முதல் போனே மாரியூரிலிருந்துதான்.

"பனிமலர் குளிர்பெட்டி, ஆகாஷ் பேசுகிறேன். தங்களுக்கு..." என்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

"காஜாதானப்பா? இருமல்லயே தெரியுது, அத்தா மாதிரியே. பெட்டி நல்லா ஓடுது. பாறை மீனும் கணவாயுமா நெறச்சுட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "தம்பி, அன்னைக்கு அந்த மனுசன ரொம்ப வைஞ்சுட்டேன். மனசு கேக்கல. அவுகளுக்கும் பெத்தவக இருப்பாகல்ல? யாரு வீட்டுப் புள்ளன்னு ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். விழா முடிந்து வெளியே வந்தபோது குருநாதன் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, போனில் யாரிடமோ, "வாரேன் ஆத்தா, சாயல்குடி பஸ் ஏறப் போறேன், கஞ்சிய மட்டும் வச்சுரு," என்று பேசிக்கொண்டிருந்தார். ஆள் சாயல்குடிக்கு இங்கிட்டுத்தான்.

"தெரியும்க்கா, சொல்லட்டுமா?" என்றேன்.

மீனம்மாள் யோசித்தார்.

"வேண்டாம்ப்பா, சொல்லாத," என்றார். "தெரிஞ்சுட்டா, அடுத்த வாட்டி பெட்டி நிக்கையில நான் யார வைய?"